கடைசிக் கட்டத்தில் நிற்கும் பூரணி

நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எடுத்திருந்தாலும் எழுதியிருப்பேன். உன் குரலைக் கேட்டால் ‘சாப்பிட்டியா’ என்பதைத் தாண்டி இந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் வராது. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு புடவைக் கரைக்கு அன்னப்பறவை வரைந்துகொண்டிருக்கிறேன். கழுத்து வளைவு சரியாக வரவில்லை. அழிக்கிறேன், எழுகிறேன், வாசல்வரை போகிறேன், சென்னை பஸ் இந்நேரம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், திரும்பி வந்து உட்கார்கிறேன். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நீ மடித்து வைத்துவிட்டுப் போன சட்டைகளைப் பிரித்து மறுபடியும் இஸ்திரி போட்டுவிட்டேன். யாருக்காகப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதை ஏன் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று கேட்பாய். நம் வீட்டு விஷயத்தைப் பக்கத்து வீட்டில்கூடப் பேசாதவள் நான். ஆனால் இது ஏற்கெனவே ஊர் வாயில்தான் இருக்கிறது. டீக்கடையில் நீ ஒரு நெசவுக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவன். பள்ளிக்கூட வாசலில் நீ பிள்ளைகளை அடக்கத் தெரியாத வாத்தியார். இரண்டுமே நான் பார்த்தது அல்ல. நான் பார்த்ததை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுக்கிற வேறு யாருக்காவதுகூட இது உதவலாம். உன் பெயரும் என் பெயரும் இதில் இருக்காது. அந்த நெசவுக் குடும்பத்துச் சிறுமிக்குப் பூரணி என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன். அவளுடைய அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். “எழுதுக்கா, இனிமே மறைக்கிறதுக்கு இன்னா கீது?” என்றார்.

ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு ஒன்றாம் வகுப்புதான் வேண்டும் என்று நீ கேட்டு வாங்கிக்கொண்டு வந்த அன்று, உன் அப்பா அரிசி ஆலை லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். தலையெல்லாம் உமித்தூசி. “வாத்தியார் வேலைக்குப் போனா போவட்டும். ஆம்பிளப் புள்ள, மூக்கு ஒழுகுற பசங்களை இஸ்துகினு பாத்ரூம் போய்க்கினு இருப்பானா?” என்றார். உன் சிநேகிதர்கள் அவரைவிட மோசம். “இன்னா சார், இன்னிக்கு எத்தினி பேருக்கு மூக்கு சிந்தி வுட்ட?” என்று தெருமுனையிலிருந்தே கத்துவார்கள். நீ சைக்கிளை நிறுத்தி, “உனக்கும் சிந்தி வுடறேன், கிட்ட வா” என்பாய். அந்தச் சிரிப்பில் கொஞ்சமும் வெட்கம் இருக்காது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சீக்கிரத்திலேயே அப்பாகூட உன் வகுப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். காரணம் நீ தரையில் போட்ட கட்டங்கள். பாண்டி ஆடுவதற்குப் போடுவது போல, சாக்பீஸால் வரிசையாக நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் ‘யார்?’ இரண்டாவதில் ‘என்ன சிக்கல்?’ மூன்றாவதில் ‘என்ன செய்தார்?’ நான்காவதில் ‘கடைசியில் என்ன ஆச்சு?’ பிள்ளை ஒற்றைக் காலில் நின்று அந்தக் கட்டத்துக்கு உரியதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஒரு பையன் முதல் கட்டத்தை விட்டு நகரவே இல்லை என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாய். “ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு போலீஸ், ஒரு கோழி, எங்க அத்தை, அத்தையோட மாமியாரு…” என்று அவன் ஆள் சேர்த்துக்கொண்டே போக, கால் வலி தாங்காமல் தானாகவே சிக்கலில் போய் விழுந்தானாம். அப்பா புரை ஏறும்வரை சிரித்தார். எத்தனையோ கதைகள் படித்திருக்கிறேன். ஒரு கதைக்கு எங்கே தலை, எங்கே இடுப்பு, எங்கே கால் என்பதை இவ்வளவு எளிதாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ அந்தக் கட்டங்கள்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாய். அவை தப்பில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று நான் பின்வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் பட்டுக்கடை முதலாளி. அவருடைய பேரன் உன் வகுப்பு என்பதால் பிள்ளைகள் எல்லோருக்குமே அவர் தாத்தா. அன்று புடவை எடுக்க வந்திருந்த பெங்களூர்ப் பார்ட்டி ஒருவரையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார். பூரணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் கட்டத்தில் ஏறினாள்.

“ஒரு ஊர்ல ஒரு தறி இருந்துச்சாம்.”

தாவினாள். “அது கரண்டுல ஓடுற தறியாம். ஆனா அதை யாரும் பாக்கக் கூடாதாம். கார் வந்து நின்னா அப்பா மெயினை ஆஃப் பண்ணிட்டு ஓடியாந்து, முன் ரூம்ல இருக்கிற கைத்தறியில உக்காந்துக்குவாராம். மூச்சு வாங்குமாம். வந்தவங்க, ‘பாவம், கையால நெய்யறாரு, எப்டி வேர்க்குது பாரு’ன்னு சொல்லுவாங்களாம்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்த வாயை மூடுவதற்குள் அது கதையல்ல, கைத்தறி என்று விற்கிற புடவையைப் பவர்லூமில் ஓட்டுகிற அவர்கள் வீடு என்று எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குப் புரியவில்லை. பிள்ளை தானாக ஒரு கதையைக் கட்டிவிட்டது என்ற சந்தோஷத்தில் உன் முகம் மின்னியது. “சூப்பர்! அப்புறம் அப்பா என்ன செஞ்சாரு? மூணாவது கட்டத்துக்கு வா” என்றாய். “அம்மாகிட்ட ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சாராம்” என்றாள். “கடைசில?” என்றாய். அவள் கடைசிக் கட்டத்துக்குத் தாவி, ஒரு காலைத் தூக்கியபடியே முன்வரிசையைக் கை காட்டினாள். “இந்தத் தாத்தாவுக்குத் தெரிஞ்சா கதை முடிஞ்சிடும்னு அப்பா சொன்னாராம்.”

அவளுடைய அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா பின்னாலேயே போனாள். பெங்களூர்க்காரர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியை மைக்கை வாங்கி அடுத்தது நடனம் என்று அறிவித்தார். நீ அவரிடம் ஏதோ சொல்லப் போனாய். எல்லோரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது பூரணி கடைசிக் கட்டத்திலேயே, தூக்கிய காலோடு, அடுத்து என்ன என்று யாராவது சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள். பாட்டுப் போட்டார்கள். ஆடுகிற பிள்ளைகள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தறியில் ஏற்றுவதற்கு அந்த வீட்டுக்கு முதலாளி கொடுத்துவந்த பாவு நூல் நின்றது. பாவு இல்லாமல் தறியில் எதை ஓட்டுவது? எனக்கும் வேலை கொடுக்கிறவர் என்பதால் நான் போய்க் கேட்டேன். “தெரியாதவன் இல்லம்மா நான். ஆனா அத்தினி பேர் முன்னாடி, வெளியூர்ப் பார்ட்டி பக்கத்துல உக்காந்துகினு இருக்கிறப்ப குழந்தை சொல்லிடுச்சு. அப்புறமும் தெரியாத மாதிரி இருக்க முடியுமா, நீயே சொல்லு” என்றார். தெரியாத மாதிரி இருந்தவர் அவர் மட்டுமா? அந்தத் தெருவுக்கே தெரியும். அந்தத் தறியில் ஓடிய கரை நான் வரைந்து கொடுத்த டிசைன். உனக்கு மட்டும்தான் தெரியாது, ஏனென்றால் நெசவுத் தெருவில் வளர்ந்தும் நீ ஒரு தறியைக்கூட நின்று பார்த்ததில்லை. வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டு, “புக்குல இருக்கிற கதையைச் சொல்லிக் குடுத்தா போதும் சார், இந்த பேஜார்லாம் வேணாம்” என்றார். நீ வீட்டுக்கு வந்து, சென்னையில் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று துணியை எடுத்து வைத்தாய். “என்னால ஒரு குடும்பம் போச்சும்மா. பார்சல்ல லேபிள் ஒட்டினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது” என்றாய். அப்பா உன்னைத் தடுக்க எழுந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்தது சரியா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு நடுவில் நிற்கக் கற்றுக்கொடுக்காதவள் நான்.

அப்படிச் சொல்வது உனக்குப் புரியாமல் போகலாம். உன்னைப் பெற்றபோது எனக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. உனக்குச் சோறு ஊட்டக் கதை வேண்டும், ஆனால் கதையில் கஷ்டம் வரக் கூடாது. குருவியைப் பூனை பார்த்தது என்று நான் தொடங்கினால் போதும், “பூன வேணாம்மா” என்று தட்டைத் தள்ளிவிடுவாய். எனக்கோ வேலைக்கு நேரமாகும். “சரி, பூனை போயிடுச்சு. குருவி சாப்புட்டுச்சு. தூங்கிடுச்சு. ஜல்தி வாயைத் திற” என்று முடித்துவிடுவேன். கொஞ்ச நாளில் நம் வீட்டுக் கதைகள் எல்லாமே அப்படி ஆகிவிட்டன. ஒரு யானை இருந்தது, சாப்பிட்டது, தூங்கியது. ஒரு பஸ் இருந்தது, டீசல் குடித்தது, தூங்கியது. என் சுபாவமும் அதுதான். புதிதாக ஒரு நாவலை எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவேன். யார் பிழைத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் என்னால் நடுப் பக்கங்களில் இருக்க முடியும். அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, புத்தகம்தானே. ஆனால் நீ இப்போது ஒரு நடுவில் நிற்கிறாய், அதன் கடைசிப் பக்கத்தை யாரும் இன்னும் எழுதவில்லை. இருந்திருந்தால் நான் முதல் ஆளாகப் புரட்டிப் பார்த்து உனக்குச் சொல்லியிருப்பேன்.

உன் வகுப்புக்கு இப்போது வேறு ஆசிரியை வந்திருக்கிறார். ‘கதைக்கு மூன்று பகுதிகள், தொடக்கம், நடு, முடிவு’ என்று பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். பள்ளிக்கூட மதிலைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. ஆனால் பள்ளி விட்டதும் அதே பிள்ளைகள் தெருவில் செங்கல் துண்டால் நான்கு கட்டம் போடுகிறார்கள். ஒரு நாள் நான் நின்று பார்த்தேன். இரண்டாவது கட்டத்துக்கு வந்த ஒரு பெண் தயங்கினாள். “சிக்கல் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிகீறாங்க” என்றாள். சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் வாயில் பூட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சிக்கல் கொண்டுவா என்று கேட்டால் ஒரு சின்னப் பிள்ளை எங்கே போகும்? சில பிள்ளைகள் பூதத்தைக் கொண்டுவரும். சில பிள்ளைகள் நேராக வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடும். அது அவர்கள் குற்றமில்லை. நாம் கேட்ட கேள்வி அப்படி.

“சிக்கல் வேணாம். அவங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க” என்றேன். ஒரு பொடியன் உடனே ஏறினான். “ஒரு ஆடு. அதுக்கு பஸ்ல போவணும்னு ஆசை.” மூன்றாவது கட்டத்தில் நான் ஒன்றும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. “போளூர் பஸ்ல ஏறுச்சு, கண்டக்டர் எறக்கி வுட்டுட்டாரு. வேலூர் பஸ்ல ஏறுச்சு, எறக்கி வுட்டுட்டாரு. செய்யாறு பஸ்ல ஏறுச்சு…” மற்ற பிள்ளைகள் சேர்ந்து, “எறக்கி வுட்டுட்டாரு!” என்று கத்தினார்கள். “கடைசில?” என்றேன். “நடந்தே போச்சு. பஸ்ஸு பஞ்சரு. ஆடு ஃபர்ஸ்ட்டு.” சிக்கல் தன்னால் வந்தது, கண்டக்டர் உருவத்தில், யார் வீட்டையும் திறக்காமல். ஆசை என்று ஒன்று இருந்தால் அதற்குக் குறுக்கே நிற்பதற்கு இந்த உலகில் ஆளா இல்லை? இரண்டாவது கட்டத்தில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்து போனை எடுத்தேன். நீ எடுக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஆட்டுக் கதை முடிந்ததும் பிள்ளைகள், “கதை முடிஞ்சுது, கத்திரிக்கா காய்ச்சுது!” என்று கத்திக்கொண்டு கட்டத்தைக் கலைத்துவிட்டு ஓடினார்கள். நீ வகுப்பில் இதைச் சொல்லவிடுவதில்லை. “அர்த்தமே இல்லம்மா, கதைக்கும் கத்திரிக்காய்க்கும் என்ன சம்பந்தம்” என்றாய். நானும் ஆமாம் என்றேன். நாம் இருவரும் படித்தவர்கள் அல்லவா? இப்போது யோசித்தால், அதைவிட அவசியமான வரி கதையில் இல்லை என்று தோன்றுகிறது. அது வெளியே போகிற கதவு. சொன்னவரையும் கேட்டவரையும் சேர்த்து விடுவிக்கிறது. இதுவரை நடந்தது கதை, இனி நீ உன் காலை ஊன்றலாம், வந்து சாப்பிடலாம். நீ பிள்ளைகளை ஒவ்வொரு கட்டமாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாய். கடைசிக் கட்டத்திலிருந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவருவதற்கு ஒரு ஏற்பாடும் செய்யவில்லை.

பூரணி அந்தப் பிள்ளைகளோடு விளையாடவில்லை. அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலும் அவள் பேசுவதில்லையாம். ஆஜர் சொல்லக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிறாளாம். நான் அந்த வீட்டுக்குள் போனேன். போகலாமா என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனேன். அவளுடைய அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. “உங்க புள்ளைக்கு இன்னாக்கா, இங்க இல்லன்னா மெட்ராஸ்ல. நாங்க எங்க போறது?” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. “சும்மா கெடடி, அக்கா இன்னா பண்ணுவாங்க” என்று கணவர் அடக்கினார். அவர் இப்போது வேறொருவருக்குக் கூலிக்கு ஓட்டுகிறார். பவர்லூம் என்று சொல்லியே விற்கிற சரக்கு, கூலி குறைவு. “ஒண்ணுக்கா, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஓடற ஓட்டம் மிச்சம். யார் வந்தாலும் அது பாட்டுக்கு ஓடினு கீது” என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. உன் மேல் கோபமா என்று கேட்டேன். “வாத்தியாரு கதை சொல்லச் சொன்னாரு, அது சொல்லிச்சு. வூட்ல பொய்யை வெச்சுகினு இருந்தது நானு” என்றார். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. அடுப்பங்கரையில் அந்த அம்மா பாத்திரங்களை வைத்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

நான் கிளம்பியபோது பூரணி பின்னாலேயே வந்தாள். தெருமுனையில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“ஆன்ட்டி, சார் எம்மேல கோவமா கீறாரா?”

“ஏன்டா கேக்கற?”

“நான் கதை சொன்னதாலதான் சார் ஊரை வுட்டுப் போயிட்டாருன்னு பசங்க சொல்றாங்க. அப்பாவுக்கு வர்ற பாவும் நின்னுபோச்சு. சாரும் போயிட்டாரு.” பிடித்த புடவையை விட்டாள். “நான் பேசினா யாராச்சும் போயிடறாங்க.”

இல்லை கண்ணு, சாருக்குக் கோபமே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பூனை போய்விட்டது, குருவி தூங்கிவிட்டது என்று சொல்வது எனக்குப் பழக்கம்தானே. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லியிருந்தால் தலையாட்டிக்கொண்டு போயிருப்பாள், நம்பியிருக்க மாட்டாள். “சார்கிட்ட கேக்கறேன்” என்று மட்டும் சொன்னேன்.

பள்ளியில் மறுபடி சேர் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. பார்சலில் லேபிள் ஒட்டுவதும் வேலைதான். முதலாளியோடு சண்டை போடு என்றோ, பாவை வாங்கிக் கொடு என்றோ சொல்லவில்லை. அதெல்லாம் உன்னால் ஆகிற காரியமும் இல்லை. உன்னால் ஆகிற ஒன்றைத்தான் எழுதுகிறேன். நீ போனதற்கு நீ நினைக்கிற காரணம் வேறு. அந்தப் பிள்ளைக்குத் தெரிகிற காரணம் அவள்தான். நீ தள்ளிப்போய் நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தாய். ஆகியிருக்கிறது, பார்.

அவள் கேட்டதை ஒரு சொல் மாற்றாமல் மேலே எழுதிவிட்டேன். பதிலை என்னிடம் போனில் சொல்லாதே, நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. நம் வீட்டுக்கு வர மனமில்லை என்றால் வர வேண்டாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அந்தத் தெருவுக்குப் போ. இத்தனை நாளுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள். பேசினால் ஆள் வரவும் செய்வார்கள் என்று அவள் பார்க்கட்டும்.